உங்கள் பெயரில் இன்னொருத்தர்!

தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டை ஒட்டியும் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். வாசலில் 'ஆதார், பான், பாஸ்போர்ட், ரயில் டிக்கெட், கரன்ட் பில்' என்று ஒரு பலகை. உள்ளே கம்ப்யூட்டர் திரையில் வாட்ஸ்அப் வெப் காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடும். "அண்ணே, அனுப்பிட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே ஷீட்ல போட்டுக் கொடுங்க." திரையின் இடது ஓரத்தில் பெயர் இல்லாத போன் நம்பர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆளின் ஆதார் முன்பக்கம், பின்பக்கம், பான் கார்டு, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட். பிரின்ட் எடுத்தவர் பத்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். படம் போவதில்லை. அது 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் மாதக்கணக்கில் கிடக்கிறது. அழிக்கச் சொல்ல வாடிக்கையாளருக்குத் தோன்றுவதில்லை; அழிக்கக் கடைக்காரருக்கு நேரமில்லை.

கடைக்காரர் பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் அவர் மட்டுமா உட்காருகிறார்? பகலில் ஒரு பையன், சாயங்காலம் இன்னொருவர். ரிப்பேர் என்றால் மெஷினே வெளியே போகும். பழசானால் ஹார்டு டிஸ்க் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தையில் கைமாறும்.

அடையாளத் திருட்டு என்றால் முகமூடி போட்ட ஹேக்கர், இருட்டு அறை, பச்சை எழுத்துகள் ஓடும் திரை என்றுதான் சினிமா நமக்குக் காட்டியிருக்கிறது. நடப்பது அப்படியில்லை. பல வழக்குகளில் திருடன் எதையும் உடைக்கவில்லை. ஆவணத்தை நாமே நீட்டியிருக்கிறோம். கைநாட்டை நாமே வைத்திருக்கிறோம். 'இன்னொரு தடவை கண் சிமிட்டுங்க' என்றால் நாமே சிமிட்டியிருக்கிறோம். திருட்டு நடந்தது தெரியவருவது மாதங்கள் கழித்து. அதுவும் போலீஸ் சம்மனாகவோ, வரி நோட்டீஸாகவோ, லோன் மறுப்பாகவோ. 'அது நான் இல்லை' என்று நிரூபிக்கிற பொறுப்பு அப்போது நம் தலையில் விழுகிறது. பணம் போவதைவிடப் பெரிய தலைவலி அதுதான்.

ஒரே முகம், 658 சிம்

2023-ல் விஜயவாடாவில் ஒரு விஷயம் வெளியே வந்தது. சிம் கார்டு விண்ணப்பங்களில் இருக்கும் புகைப்படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 'அஸ்திர்' என்ற முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. அது சலித்துப் பார்த்ததில், ஒரே ஆளின் புகைப்படத்தில் 658 சிம் கார்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவும் அந்த ஆண்டு போலி ஆவணங்களில் வாங்கிய ஆயிரக்கணக்கான சிம்களை முடக்கியது.

இது எப்படி நடக்கிறது? குடை விரித்து ரோட்டோரம் சிம் விற்கும் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். ஆதார் நம்பர், கைரேகை, போட்டோ, ஓ.டி.பி. எல்லாம் முடிந்தது. "சர்வர் ஸ்லோ சார், போட்டோ விழலை, இன்னொரு தடவை" என்கிறார் விற்பவர். இன்னொரு தடவை விரல், இன்னொரு தடவை போட்டோ. வாடிக்கையாளர் கையில் ஒரு சிம் வருகிறது; அவர் பெயரில் இயக்கப்பட்டது இரண்டு. அந்த இரண்டாவது சிம் எங்கோ போய், யாரோ ஒரு முதியவரை 'பேங்க்ல இருந்து பேசறோம்' என்று அழைக்கிறது. புகார் வந்தால் போலீஸ் முதலில் தேடுவது சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

இந்த ஓட்டையை அடைக்க அரசு சிலவற்றைச் செய்திருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் சிம் வாங்க ஜெராக்ஸ் காகிதம் கொடுக்கிற முறை ஒழிக்கப்பட்டது. விற்பனையாளர்கள் பதிவு செய்துகொள்வது கட்டாயமானது. ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம்தான் இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அஸ்ஸாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நம் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்று பார்க்க 2023 மே மாதம் 'சஞ்சார் சாத்தி' தளம் வந்தது. போன் நம்பரைக் கொடுத்து ஓ.டி.பி. போட்டால் பட்டியல் வந்துவிடும். தெரியாத எண்ணுக்கு நேராக 'இது என்னுடையதல்ல' என்று குறித்தால் விசாரித்துத் துண்டிப்பார்கள். ஐந்து நிமிஷ வேலை. இதே பெயரிலான செயலியை எல்லா புதுப் போனிலும் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று 2025 நவம்பர் கடைசியில் அரசு உத்தரவிட்டு, 'இது வேவு பார்க்கிற வேலை' என்று எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் முதல் வாரத்திலேயே வாபஸ் வாங்கியது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த அமளியில், செயலியே வேண்டாம், இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற உபயோகமான சேதி பலர் காதில் விழாமலே போனது.

சிம் விஷயத்தில் இன்னொரு கண்ணி பழைய நம்பர். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணை, துண்டித்த பிறகு 90 நாள் வரை வேறு யாருக்கும் தருவதில்லை. அதற்குப் பிறகு தரலாம். பேங்க் கணக்கிலும் ஆதாரிலும் இன்னும் அந்தப் பழைய நம்பரே இருந்தால்? ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் விழும். இரண்டாவது போனைத் தலைமுழுகும் முன் அது எங்கெல்லாம் பதிவாகியிருக்கிறது என்று ஒரு தடவை யோசிப்பது நல்லது.

திடீரென்று போனில் சிக்னல் போய், மணிக்கணக்கில் வராவிட்டால் அதையும் சும்மா விடக் கூடாது. நம் நம்பருக்கு வேறு யாரோ டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்கலாம். அதனால்தான் சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது என்று ஒரு விதி. மாற்றிய 7 நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது என்று 2024 ஜூலையில் வந்த இன்னொரு விதி. அந்த 24 மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

ரப்பரில் செய்த விரல்

2018 ஜூனில் தெலங்கானாவில் சிம் விற்கும் ஒருவர் பிடிபட்டார். அவர் கையில் எடுத்தது மாநிலப் பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தை. நிலப் பத்திரங்களின் நகல்கள் அதில் இருந்தன. பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர் கைரேகை இருக்கும். ஆதார் எண்ணும் இருக்கும். ரேகையை அச்செடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற அதே முறையில் விரல் மாதிரி செய்து, அதை வைத்தே ஆயிரக்கணக்கான சிம்களை இயக்கியிருந்தார். விற்பனை இலக்கை எட்டத்தான் இவ்வளவும்! 2023-ல் மேற்கு வங்கத்தில் இதே உத்தி பேங்க் கணக்குகள் மேல் பாய்ந்தது. பத்திரப்பதிவுத் தளத்திலிருந்து எடுத்த ரேகையால் பணம் போகிறது என்று புகார்கள் குவிந்தன. 'ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள்' என்று கொல்கத்தா போலீஸே மக்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

கிராமத்தில் பேங்க் மித்ரா சின்ன மெஷினோடு வந்து விரல் வைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறாரே, அந்த வசதிதான் இங்கே குறி. ஆதார் எண், பேங்கின் பெயர், விரல் மூன்றும் போதும். ஏ.டி.எம். கார்டு வேண்டாம், பின் நம்பர் வேண்டாம், ஓ.டி.பி. வராது. ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வந்த அருமையான ஏற்பாடு இது. முதியோர் பென்ஷன் வாங்கப் பஸ் ஏறிப் போகிற கொடுமையைக் குறைத்தது. பூட்டில்லாக் கதவாக இருப்பதும் அதனால்தான். வைக்கிற விரல் உயிருள்ளதா என்று சோதிக்கும் தொழில்நுட்பத்தை ஆதார் ஆணையம் 2023-ல் கொண்டுவந்த பிறகு ரப்பர் விரலின் ஆட்டம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

பயோமெட்ரிக்கைப் பூட்டுவது ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ நொடியில் முடிகிற காரியம். யாராவது நம் ரேகையை வைத்து முயன்றால் மெஷின் மறுத்துவிடும். அறிவுரை சொல்கிறவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறார்கள். பூட்டிய கையோடு ரேஷன் கடைக்குப் போனால் அங்கே விரலும் ஏறாது. 'அம்மா, ரேகை விழலை, அடுத்த வாரம் வாங்க' என்பார்கள். அதனால் ரேஷனுக்கோ பென்ஷனுக்கோ கைரேகை வைக்கிற வீட்டில், யார் கார்டைப் பூட்டுவது, எப்போது திறப்பது என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும். தற்காலிகமாகச் சில நிமிடங்கள் திறந்து, தானாகவே மூடிக்கொள்ளும் வசதி இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் நம் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் அதே தளத்தில் கிடைக்கும். 'இந்தத் தேதியில் நாம் அங்கே போகவே இல்லையே' என்று ஒரு வரி கண்ணில் பட்டால் 1947 எண்ணுக்கு அழைக்கலாம்.

ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கலாமா, கூடாதா? இதற்கு அரசே தடுமாறிய கதை ஒன்று உண்டு. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், 'எவருக்கும் ஆதார் நகல் தராதீர்கள், தவறாகப் பயன்படுத்தப்படலாம். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள்' என்று அறிவித்தது. நாடே பதறியது. 'இத்தனை வருஷமாகக் கொடுத்ததெல்லாம்?' என்ற கேள்வி எழுந்ததும், இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. 'தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம், வழக்கமான கவனத்தோடு நடந்தால் போதும்' என்றது. மண்டல அலுவலகம் சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதத்தில்தான் சங்கடம்.

மறைப்பு ஆதாரைத் தளத்திலேயே டவுன்லோட் செய்யலாம். லாட்ஜ் வரவேற்பில், கூரியர் ஆபீஸில், வாடகை வீட்டுக்காரரிடம் அதுவே போதும். 'முழு நம்பர் வேணும் சார்' என்று அடம்பிடிக்கிற இடமும் உண்டு. அங்கே ஆதாரை ஒதுக்கிவிட்டு ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை என்று வேறொன்றை நீட்டலாம். ஜெராக்ஸ் கொடுத்தே தீர வேண்டுமென்றால், நகலின் குறுக்கே 'இன்ன காரியத்துக்காக, இன்ன தேதியில்' என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுவது பழைய தாலுகா ஆபீஸ் பழக்கம். இன்றும் பலன் தருகிற பழக்கம். இன்னொரு சேதி: டவுன்லோட் செய்த ஆதார் ஃபைலுக்கு பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம். அது பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த வருஷமும்தான். பெயரும் வயசும் தெரிந்த எவருக்கும் அது திறக்கும்.

முட்டைக் கடைக்கு 6 கோடி நோட்டீஸ்

மத்தியப் பிரதேசத்தின் தமோ மாவட்டத்தில் தள்ளுவண்டியில் முட்டை விற்கும் ஒருவருக்கு 2025 மார்ச்சில் நோட்டீஸ் வந்தது. டெல்லியில் அவர் பெயரில் ஒரு நிறுவனம் 2022-லிருந்து கோடிக்கணக்கில் வியாபாரம் செய்திருக்கிறதாம். வரி பாக்கி சுமார் 6 கோடி ரூபாயாம். டெல்லியில் கம்பெனி இருப்பது நோட்டீஸைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியும். ஜூஸ் கடைக்காரர், கட்டடத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர் என்று இப்படி நோட்டீஸ் வாங்கியவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள்.

ஏன் ஏழைகளையே தேடிப் பிடிக்கிறார்கள்? பான் கார்டு இருக்கும், ஆனால் அவர்கள் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருக்காது. அதனால் வருமானவரித் தளத்தை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். திருடனுக்கு அதைவிட என்ன வேண்டும்? 'லோன் வாங்கித் தர்றேன்', 'அரசு உதவித்தொகை வருது' என்று சொல்லி ஆதாரும் பானும் கரன்ட் பில்லும் வாங்கிக்கொண்டால் ஒரு ஜி.எஸ்.டி. பதிவுக்கு வேண்டியது கிட்டத்தட்ட முடிந்தது. 2023-ல் நொய்டா போலீஸ் பிடித்த ஒரு கும்பல் இப்படி 2,600-க்கும் மேற்பட்ட போலி நிறுவனங்களை நடத்தியிருந்தது.

நடுத்தர வர்க்கத்தைப் பிடிக்கும் கண்ணி வேறு: கடன். 2022 பிப்ரவரியில் நடிகை சன்னி லியோன், தன் பான் எண்ணை வைத்து யாரோ ஆன்லைன் செயலியில் 2,000 ரூபாய் கடன் வாங்கிவிட்டதாகவும், தன் சிபில் ஸ்கோர் கெட்டுப்போனதாகவும் ட்விட்டரில் கொட்டித் தீர்த்தார். அதே சமயத்தில் அதே மாதிரி புகார்கள் நிறைய வந்தன. கோடிகளில் சம்பாதிக்கிற நடிகையின் பெயரில் இரண்டாயிரம் ரூபாய்! தொகை சின்னதாக இருப்பதுதான் சாமர்த்தியம். சின்னக் கடனுக்குச் சோதனை குறைவு. வாங்கியதும் தெரியாது, கட்டாததும் தெரியாது. மூன்று வருஷம் கழித்து வீட்டு லோனுக்குப் போய் நிற்கும்போதுதான் மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுவார்.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி நாமே போய்ப் பார்ப்பது. இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி வாங்கினால் வருஷம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆயிற்று. தெரியாத கடன் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் பதியலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. நம் அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால் நமக்குக் குறுஞ்செய்தியோ மெயிலோ வர வேண்டும் என்பதும் அதே ஏற்பாட்டில் அடக்கம்.

பான் எண்ணைப் போட்டால் அதில் எத்தனை ஜி.எஸ்.டி. பதிவுகள் இருக்கின்றன என்று காட்டும் தேடல் ஜி.எஸ்.டி. தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வீட்டில் வேலை செய்கிற அக்காவுக்கோ, ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்கோ ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்லலாம். தாங்களாகப் போய்ப் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் அவர்கள்தான். வருமானவரித் தளத்தில் நம் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. நாம் வாங்காத வாடகை நம் பெயரில் அதில் ஏறியிருந்தால், யாரோ ஒரு ஊழியர் வாடகைச் சலுகைக்காக நம் பானை எடுத்து எழுதியிருக்கிறார் என்று பொருள்.

ஜாதகம் முதல் கண்ணீர் அஞ்சலி வரை

வீட்டுக்குள் வருவோம். தமிழ்க் குடும்பத்தில் ரகசியமே இல்லாமல் ஊர் சுற்றும் ஒரு காகிதம் ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா அம்மா பெயர், படிப்பு, சம்பளம், போன் நம்பர், முழு உயரப் போட்டோ எல்லாம் ஒரே தாளில். தரகர் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். அது பத்து குரூப்புக்குப் போகிறது. 'உங்கள் பிறந்த தேதி, தாயார் பெயர் சொல்லுங்கள்' என்று சில வாடிக்கையாளர் சேவை மையங்கள் கேட்கும் சரிபார்ப்புக் கேள்விகளுக்கு விடை அதில் இருக்கிறது. ஜாதகம் தராமல் கல்யாணம் நடக்காது, சரிதான். போன் நம்பரை மட்டும் அப்பா பெயரில் உள்ள, பேங்கோடு சேராத ஒரு எண்ணாகப் போட்டால் பாதி ஆபத்து குறையும்.

அதற்கு நேர் எதிர்முனையில் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவரின் பெயர், படம், தோற்றம், மறைவு, பிள்ளைகளின் பெயர்கள். இறந்தவரின் கணக்கையும் அடையாளத்தையும் யாரும் கண்காணிப்பதில்லை என்பது திருடனுக்குத் தெரியும். ஆதார் ஆணையம் 2025-ல் இறந்தவர்களின் 2 கோடிக்கும் மேற்பட்ட ஆதார் எண்களை முடக்கியது. இறப்புச் சான்றிதழ் எண்ணோடு குடும்பத்தாரே தகவல் தரும் வசதியும் அந்த ஆண்டில் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பேங்க், சிம், ஆதார் மூன்றுக்கும் தகவல் சொல்லிவிடுவது காரியத்தோடு சேர்ந்த காரியமாக வேண்டும்.

அடுத்து, உதவி செய்கிறவர்களால் வரும் வில்லங்கம். பி.எஃப்., ஸ்காலர்ஷிப், பான் விண்ணப்பம் எதற்கு பிரவுசிங் சென்டருக்குப் போனாலும், "மெயில் ஐ.டி. இல்லையா? பரவாயில்லை" என்று அவரே தன் மெயிலைப் போட்டுவிடுகிறார். சில நேரம் தன் போன் நம்பரையும். பாஸ்வேர்டையும் அவரே உருவாக்கி, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் அவ்வளவுதான். ஆனால் இருபது வருஷ பி.எஃப். சேமிப்பின் சாவி யாரோ ஒருவரின் நோட்டில் இருக்கிறது. விண்ணப்பம் சமர்ப்பிக்கும் முன் திரையில் தெரிகிற போன் நம்பரை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைஸஸ்' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே போனால் நம் வாட்ஸ்அப் எந்தெந்தக் கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது என்று தெரியும். பிரின்ட் எடுக்கப் போன இடத்தில் நம் கணக்கையே திறந்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அதே அமைப்புகளில் இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் ஒன்றை வைத்துவிட்டால், ஓ.டி.பி. தெரிந்தவனாலும் கணக்கைக் கைப்பற்ற முடியாது. முகநூலில் நம் படத்தைத் திருடி, நம் பெயரிலேயே கணக்கு தொடங்கி, 'அவசரமா இருபதாயிரம் அனுப்பு மச்சான்' என்று நண்பர்களிடம் கேட்கும் வேலைக்கு ஹேக்கிங்கே தேவையில்லை. அப்போது தமிழ்நாடு டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபுவின் படத்தை வைத்தே 2022-ல் கிஃப்ட் கார்டு கேட்டு மெசேஜ் போனது. அவரே வீடியோவில் வந்து எச்சரித்தார். மாநிலத்தின் தலைமைப் போலீஸ் அதிகாரிக்கே அந்தக் கதி.

'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்', 'பேங்க் கே.ஒய்.சி.' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. ஃபைல்கள் வேறு ரகம். தொட்டு ஏற்றிவிட்டால் போனுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் அவர்களுக்கும் போகும். நாம் ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது என்று அழுகிற பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. கல்யாணப் பத்திரிகை படமாக வரும், வீடியோவாக வரும். 'இன்ஸ்டால் செய்' என்று எந்தப் பத்திரிகையும் கேட்காது.

பயமே தூண்டில்

"உங்க ஆதார்ல மும்பையில ஒரு சிம் வாங்கியிருக்காங்க. அதுல இருந்து தப்பான மெசேஜ் போயிருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரத்துல உங்க எல்லா நம்பரும் கட் ஆகும். தகவலுக்கு ஒன்பதை அழுத்தவும்."

இதுதான் 'டிஜிட்டல் கைது' மோசடியின் வழக்கமான முதல் வரி. அடையாளத் திருட்டைப் பற்றி நாம் கேள்விப்பட்டதையே நமக்கு எதிராகத் திருப்பிவிடுகிறார்கள். இதுவரை இந்தக் கட்டுரையில் சொன்ன ஒவ்வொன்றும், படிக்கிறவரைப் பயமுறுத்தும் அளவுக்கு அந்த அழைப்பைக் கூடுதலாக நம்பவைக்கும் என்பதும் உண்மை. அடுத்து சீருடையில் ஒருவர் வீடியோ காலில் வருவார். நம் ஆதார் எண்ணை அவரே படித்துக் காட்டுவார். ஜெராக்ஸ் கடையிலிருந்தோ, கசிந்த ஏதோ ஒரு பட்டியலிலிருந்தோ வந்த எண் அது. 'நம்பர் சரியாச் சொல்றாரே' என்ற ஒரே காரணத்தால் படித்தவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் விழுகிறார்கள். 2024-ன் முதல் நான்கு மாதத்தில் மட்டும் இதில் போன பணம் 120 கோடி ரூபாய் என்கிறது மத்திய உள்துறை. அந்த அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. இந்தியாவில் எந்தப் போலீஸும் வீடியோ காலில் யாரையும் கைது செய்ய முடியாது. அப்படியொரு சட்டமே இல்லை. நம் ஆதார் எண் ஒருவருக்குத் தெரியும் என்பது அவர் அதிகாரி என்பதற்குச் சான்றும் இல்லை.

பட்டியல் கசிவதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம். 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கிடப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் 'பாட்' வழியே கிடைப்பதை ராய்ட்டர்ஸ் வெளிப்படுத்தியது. 3.1 கோடி பேரின் தகவல் கையில் இருப்பதாகத் திருடியவன் பீற்றிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. இதில் வாடிக்கையாளர் செய்த தப்பு ஒன்றுமே இல்லை. காப்பீடு எடுத்ததைத் தவிர.

திருடிய பணம் நேராகத் திருடனின் கணக்குக்குப் போவதில்லை. கல்லூரி மாணவர்களிடமும் வேலையில்லாதவர்களிடமும் கமிஷன் கொடுத்து வாடகைக்கு வாங்கிய கணக்குகள் வழியே ஓடுகிறது. தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு 2024 டிசம்பரில் 'ஆபரேஷன் திரைநீக்கு' நடத்தி 76 பேரைக் கைது செய்தது; 2025 ஜூனில் இரண்டாம் சுற்றில் 136 பேர். 'அக்கவுன்ட் மட்டும் கொடுடா, மாசம் ஐயாயிரம்' என்று நண்பன் கேட்டால், அவன் கேட்பது நம் அடையாளத்தை.

போன பிறகு

பணம் போனது தெரிந்ததும் முதல் வேலை 1930-க்கு அழைப்பது. பேங்கில் போய் வரிசையில் நிற்பது இரண்டாவது. அழைப்பு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, அடுத்த கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. 2024-ல் இந்தியர்கள் சைபர் மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சுற்றறிக்கையாகக் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளர் தப்பும் இல்லாமல் வங்கியின் தப்பும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. வங்கி பத்து வேலை நாளில் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நான்கிலிருந்து ஏழு நாளென்றால் ஒரு வரம்பு வரை நம் பொறுப்பு. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரை போனதெல்லாம் நம் கணக்கு. கவுன்டரில் இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டு, ரிசர்வ் வங்கியின் விதியைச் சுட்டிக் கேட்டால் பேச்சின் தொனி மாறும்.

பணம் போகாமல் பெயர் மட்டும் போயிருந்தாலும் புகார் கொடுத்தே ஆக வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கென்றே உள்ளது. 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். திருடன் அகப்படுவானா என்பது வேறு விஷயம். புகார் ரசீதின் தேதிக்குப் பிறகு நம் பெயரில் நடக்கும் எதற்கும் 'நான் அன்றே சொன்னேன்' என்று காட்ட ஒரு காகிதம் இருக்கும். வரி அதிகாரியிடமும் கடன் நிறுவனத்திடமும் பேசுவது அந்தக் காகிதம்தான்.

நஷ்டஈடு கேட்க முடியுமா? முடியும். அதற்குப் பாதை போட்டுக் காட்டியது தமிழ்நாடு. தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்த, வளைகுடாவில் வேலை பார்த்த ஒருவர், போலி மெயிலில் ஏமாந்து 6.46 லட்சம் ரூபாய் இழந்தார். அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 'தீர்ப்பு அலுவலர்' என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு மாநிலத்திலும் தகவல் தொழில்நுட்பத் துறையின் செயலாளர்தான் அவர். 5 கோடி ரூபாய் வரை கோரிக்கையை விசாரிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. 2010 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் செயலாளர், வங்கி போதிய பாதுகாப்பு செய்யவில்லை என்று சொல்லி 12.85 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார். வங்கி மேல்முறையீடு செய்து இழுத்தது. 2019-ல் அங்கேயும் தோற்றது. ஒன்பது வருஷம்.

இப்போது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2023-ல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. தகவலைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அபராதம் போய்ச் சேருவது அரசின் தொகுப்பு நிதிக்கு. தகவல் பறிபோனவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. போதாததற்கு, கவனக்குறைவால் தகவலைக் கசியவிட்ட நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்லும் பழைய சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதுச் சட்டம் நீக்குகிறது. அந்த நீக்கமும், புதுச் சட்டத்தின் முக்கியமான கடமைகளும் விதிகள் வந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம், அமலுக்கு வருகின்றன. ஒரு நிறுவனம் தன் விவரத்தைக் கசியவிட்டது என்று 43ஏ-வைக் காட்டி நஷ்டஈடு கேட்க நினைப்பவர்களுக்கு அதுவரைதான் நேரம்.